நாலு வாய்ச் சோறு

ஜூன் 5, வியாழன்

காலை ஏழு மணிக்கே தரை சுடுகிறது. காற்று உண்டு, ஆனால் மணல் கலந்த காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில்.

செய்ய வேண்டியவை:
சர்க்கரை மாத்திரை வாங்க. இன்னும் நான்கே.
தண்ணீர் லாரிக்குப் போன். மூன்று நாளாக எங்கள் தெருவை மட்டும் விட்டுவிட்டுப் போகிறான். தற்செயல் என்று நம்பத் தயாரில்லை.
மகள் தேன்மொழி ஜாதகம், நகல் இரண்டு.
கல்லூரி திறப்பதைப் பற்றி யோசிக்காமல் இருக்க.

கடைசியை மட்டும் செய்ய முடியவில்லை. பதினெட்டு ஆண்டு. பொருளியலில் முனைவர் பட்டம். பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி; மே மாதம் சம்பளம் கிடையாது. என்னிடம் படித்தவன் இப்போது துறைத்தலைவர். 'சார்' என்றுதான் அழைக்கிறான், குறை சொல்ல முடியாது. ஆனால் வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பித் தரமாட்டான். தன் பக்கம் வைத்தபடியே விரலால் இடம் காட்டுவான். தலைகீழாகக் கையெழுத்துப் போடப் பழகிவிட்டேன். இப்போது நேராகப் போட்டால்தான் கோணுகிறது.

மாலை மச்சான் போன். என் மனைவி சாரதாவின் அண்ணன், சேதுராமன். ராமேஸ்வரத்தில் லாட்ஜ். தேன்மொழியைப் போன மாதம் வந்து பார்த்துவிட்டுப் போனார்களே, முதுகுளத்தூர்க்காரர்கள், அவர்கள் வீட்டை நாம் பார்க்க ஞாயிறு போக வேண்டுமாம்.

"எடம் பெருசு மாப்ள. மொளகா கமிஷன் மண்டி. பையன் துபாய்ல இஞ்சினியர். நீ வாயத் தொறக்காம வந்து உக்காந்தாப் போதும். மத்தத நான் பாத்துக்கிறேன்."

'வாயத் தொறக்காம.' குறித்துக்கொள்கிறேன்.

இந்த ஆள் என் கல்யாணப் பந்தலில் சொன்னது இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம். யாரோ "மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காரு?" என்று கேட்க, இவர்: "எம்.ஏ. எடைக்குப் போட்டா என்ன தேறும்னுதான் தெரியல." பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்காக என்னையும் மன்னிக்கவில்லை.

தேன்மொழியிடம் கேட்டேன். "உங்களுக்குச் சரின்னாச் சரிப்பா" என்றாள். அதற்குள் அவளுக்குப் போன். யாரோ ஒருவரின் ஆடு வயிறு உப்பிக் கிடக்கிறதாம். கால்நடை மருத்துவருக்கு ஏது நேரம், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

லாரி வரவில்லை.


ஜூன் 8, ஞாயிறு

மாலை ஐந்து. உடம்பு பரவாயில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவைக்க வேண்டும். இல்லையென்றால் மச்சான் சொல்வதுதான் வரலாறு.

5.45 மாத்திரை போட்டேன். 6.00 மச்சான் கார், ஹாரன். தட்டில் இரண்டு இட்லி அப்படியே. ஏழரை – எட்டரை நல்ல நேரத்துக்குள் படியேற வேண்டுமாம். மூன்று பேராகப் போகக் கூடாது என்பதால் டிரைவரையும் நாலாவது ஆளாகச் சேர்த்து, நல்ல சட்டை போட வைத்திருந்தார்.

காரில் சாரதா மூன்று தடவை: "காப்பி, பலகாரம்னா பரவால்ல. எலையப் போட்டா எந்திரிச்சிருங்க. இன்னும் நம்ம சம்மதம் சொல்லல. அவங்க வீட்ல சோத்துல கை நனைச்சாச்சுன்னா முடிவு சொன்ன மாதிரி. அப்புறம் மாட்டோம்னு சொல்ல முடியாது."

"எனக்குத் தெரியாதா?" என்றேன். எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது.

வீடு பெரிது. முன்னால் மண்டி, பின்னால் குடியிருப்பு. வாசலிலேயே தும்மல். சுவர் உயரத்துக்குக் குண்டு மிளகாய் மூட்டை. பையனின் அப்பா முத்திருளப்பன் ஒரு மிளகாயை எடுத்துக் காதோரம் ஆட்டிக் காட்டினார். உள்ளே விதை கலகலவென்றால் காய்ச்சல் சரி. சத்தமில்லை என்றால் ஈரம், விலை பாதி.

"கண்ணு ஏமாத்தும் சம்பந்தி. காது ஏமாத்தாது."

அப்போதே சம்பந்தி.

கூடத்தில் உட்கார்ந்ததும் மச்சான் என் தோளில் கைவைத்துச் சொன்னார்: "எங்க மாப்ள டாக்டர் பட்டம். காலேஜ்ல பெர்மனென்ட் புரொபசர்."

பொய். நான் மறுக்கவில்லை. ஆனால் உள்ளே எரிந்தது. இருக்கிறபடி நான் அந்த நாற்காலிக்குப் போதாது என்றுதானே அந்தப் பொய்? காப்பி வந்தது, வேண்டாம் என்றேன். லட்டு, வேண்டாம். வாழைப்பழம், அதுவும். யார்மேலோ உள்ள கோபத்தைத் தட்டின் மேல் காட்டுவது எனக்கு வழக்கம்.

பிறகு முத்திருளப்பன் பேச்சோடு பேச்சாக: "புள்ள வேலைய எழுதிக் குடுத்துரட்டும். ஆட்டுக்கு ஊசி போட்டுத்தான் எங்க வீட்ல ஒல கொதிக்கணும்னு இல்ல பாருங்க. துபாய்க்குக் கூட்டிட்டுப் போயிருவான்."

சாரதா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

எட்டே முக்கால் இருக்கும், கழுத்தெல்லாம் வியர்வை. காலண்டர் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. முகம் கழுவுவதாகச் சொல்லிப் பின்கட்டுக்குப் போனேன். குழாயைப் பிடித்தது நினைவிருக்கிறது. அப்புறம் ஒரு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், எதிரே பையனின் அம்மா பஞ்சவர்ணம்.

"அண்ணே, சுகரா?"

தலையை ஆட்டினேன்.

"சாப்பிட்டீகளா?"

இல்லை என்று ஆட்டினேன்.

"மாத்திரைய மட்டும் போட்டுட்டு வந்தீகளாக்கும். எங்கண்ணனும் இப்பிடித்தான். வீம்பு."

கருப்பட்டித் துண்டு ஒன்றை வாயில் திணித்தார். கொஞ்சம் கண் தெளிந்ததும் தயிர்ச் சோறு பிசைந்துகொண்டு வந்து, உருட்டி உருட்டி என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. இவ்வளவு ருசியான சோறு நான் சாப்பிட்டதில்லை. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

நாலாவது வாய் உள்ளே போகும்போது வாசற்படியில் மச்சானும் முத்திருளப்பனும்.

"அட, மாப்ள கை நனைச்சிட்டாருல்ல" என்றார் மச்சான், லாட்டரி விழுந்தவர் மாதிரி.

"பெறகென்ன. முடிஞ்சு போச்சு. எலையப் போடுங்க" என்றார் முத்திருளப்பன்.

பஞ்சவர்ணம் ஏதோ சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை, நானும்தான். இலை போட்டார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். சாரதா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள். ஆவணி முதல் முகூர்த்தம் என்று பேசினார்கள்.

என் மகள் அங்கே இல்லாதபோது, ஒரு மூட்டையில் சாய்ந்துகொண்டு, அவள் கல்யாணத்தை முடித்துவிட்டேன்.


ஜூன் 9, திங்கள்

சர்க்கரை காலையில் 168. காற்று அதே காற்று. லாரி வந்தது. நான்கு குடம் மட்டும் கொடுத்தான்.

தேன்மொழியிடம் நேற்றே சாரதா சொல்லிவிட்டாள். "அப்பாவுக்கு இப்ப எப்பிடி இருக்கு?" என்று மட்டும் கேட்டாளாம். குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று என் சட்டைப் பையில் கிடந்தது. அவள் வைத்ததாகத்தான் இருக்கும்.

மச்சான் அதற்குள் பாதி மாவட்டத்துக்குச் சொல்லிவிட்டார். காலை முதல் போன். அபிராமத்திலிருந்து பெரியப்பா மகன், பத்து வருஷமாகப் பேசாதவன், "பெரிய எடமாமே" என்று குழைகிறான்.

யாரும் படிக்கப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதல் இரண்டு மூன்று போனுக்கு நன்றாகவே இருந்தது. 'முதுகுளத்தூர் மண்டிக்காரர் சம்பந்தி' என்று ஒருவன் சொன்னபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பதினெட்டு வருஷம் வகுப்பெடுத்துக் கிடைக்காத நாற்காலி, நாலு வாய்ச் சோற்றில் கிடைத்துவிட்டது.

பையனைப் பற்றிக் குறை ஏதும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.


ஜூன் 11, புதன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும்.

சாயங்காலம் தேன்மொழி வந்தாள். குளித்தும் போகாத மருந்து வாசனை. ஒரு தாளை என் மேஜைமேல் வைத்தாள்.

"இத ஒரு தடவ பாருங்கப்பா. பிழை இருந்தாத் திருத்துங்க."

சின்ன வயதிலிருந்து எந்தக் கடிதமானாலும் நான்தான் பார்த்துத் தருவேன். விடுப்புக் கடிதம், விண்ணப்பம், இந்த வேலைக்கு எழுதியதும்கூட. பழக்கத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். 'சொந்தக் காரணங்களை முன்னிட்டு என் பணியிலிருந்து விலக அனுமதிக்குமாறு...'

ஒற்றுப் பிழை ஒன்றுமில்லை. மூன்று முறை படித்தேன். ஒரு பிழையாவது கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"காரணம் என்னன்னு எழுதலையே" என்றேன்.

"சொந்தக் காரணம்னு போட்டிருக்கேன்ல."

"என்ன சொந்தக் காரணம்னு கேப்பாங்க."

"எங்கப்பா நாலு வாய் சாப்பிட்டாருன்னு எழுதவா?"

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

"உனக்கு இஷ்டமில்லையா?"

"பையனப் பத்தி ஒண்ணும் இல்லப்பா. வேலையத்தான். நான் வந்த புதுசுல ஆட்டப் பிடிச்சிட்டு வருவாங்க, என்னயப் பாத்துட்டு 'டாக்டர் எங்க?'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிருவாங்க. இப்ப சந்தையில நின்னுக்கிட்டு எனக்குப் போன் பண்ணி ஆட்டுக்குப் பல்லு ரெண்டு முளைச்சிருக்கு, வாங்கலாமா தாயின்னு கேக்குறாங்க. ரெண்டு வருசம் ஆச்சு அதுக்கு." தாளை என் பக்கம் நகர்த்தினாள். "சரி, நீங்க கை நனைச்சாச்சு. உங்க பேச்சு கீழ விழக் கூடாது."

என் பேச்சாம். அதற்கு ஒரு மதிப்பு இருப்பதாக இந்த வீட்டில் ஒருத்தி நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் போன பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்தேன். மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் அந்த உத்தரவு. மார்ச்சில் கொண்டுவந்து கொடுத்தாள். தகுதிகாண் பருவத்தை நிறைவாக முடித்துவிட்டாள், இனி நிரந்தரம் என்று அரசு முத்திரையோடு. நான் அப்போது என்ன சொன்னேன்? "ம், வை." அவ்வளவுதான். இனிப்புகூட வாங்கவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். எழுதிவிடுகிறேன். பொறாமை. பெற்ற மகள்மேல். அந்தத் தாளுக்காகப் பதினெட்டு வருஷம் காத்திருந்தவன் நான். அவள் இரண்டே வருஷத்தில் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை "வேலைய எழுதிக் குடுத்துரட்டும்" என்று அவர் சொன்னபோது நான் காலண்டரைப் பார்த்ததற்கும் இதுதான் காரணம்.

சிவப்புப் பேனாவை மூடினேன். கடிதம் என்னிடமே இருக்கிறது.


ஜூன் 12, வியாழன்

மேகமூட்டம். மழை வராது, தெரியும்.

ஜமாலைப் பார்க்கப் போனேன். வணிகவியல், கீழக்கரைக்காரர், என்னைப் போலவே கௌரவம். முழுவதும் சொன்னேன். தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டார்.

"எங்க நிக்காஹ்வுல மாப்ள வாயத் தொறந்து ஒத்துக்கிடணும், அத ரெண்டு சாட்சி கேக்கணும். உங்கள்ல வாயத் தொறந்து தின்னாலே போதுமா பாய்?" என்னைப் 'பாய்' என்று அழைப்பது அவருக்கு ஒரு விளையாட்டு.

"சிரிக்காதீங்க ஜமால்."

"சிரிக்கல. மயக்கத்துல போட்ட கையெழுத்து செல்லாதுன்னு நாமதான கிளாஸ்ல சொல்றோம்?"

"அது சட்டம். இது ஊரு."

"அப்ப ஊர்ல போயிச் சொல்லுங்க. உங்களுக்கு என்ன போகப்போவுது? மானமா? மே மாசம் பூரா அது இல்லாமத்தான இருந்தோம்."

திரும்பும் வழியில் பழைய வகுப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. மதிப்புக்கும் விலைக்கும் உள்ள வேறுபாடு. தண்ணீர் இல்லாமல் உயிரில்லை, ஆனால் மலிவு. வைரத்தால் ஒரு பயனுமில்லை, ஆனால் விலை அதிகம், ஏன்? பாடப்புத்தக உதாரணம், உலகமெங்கும் இதே. சாயல்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், எங்க ஊர்ல தண்ணி மலிவில்ல. இத எழுதினவரு எந்த ஊரு?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நான் அவளை உட்காரச் சொன்னேன். பாராட்டியிருக்க வேண்டும். யாரைத்தான் நான் சரியான நேரத்தில் பாராட்டியிருக்கிறேன்.

நாளை முதுகுளத்தூர். பேச வேண்டியதைத் தாளில் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். நல்ல நடை.


ஜூன் 13, வெள்ளி

முடிந்தது.

நான்கு இட்லி. மாத்திரை. பையில் பிஸ்கட், தேன்மொழியின் குளுக்கோஸ். ஏழரை பஸ். சாரதாவிடம் மட்டும் சொன்னேன். "அடிக்க வந்தா?" என்றாள். "வாங்கிக்கிறேன்" என்றேன். வாசல்வரை வந்தாள், பல வருஷமாக வராதவள்.

பஸ்ஸில் தாளை இரண்டு தடவை படித்தேன். கருவேலங்காடு, கருவேலங்காடு, ஒரு கண்மாய், மறுபடி கருவேலங்காடு.

மண்டியில் முத்திருளப்பன் இல்லை. எடை போட வெளியே போயிருந்தார். பின்கட்டில் பஞ்சவர்ணம் இரண்டு பெண்களோடு மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி:

"மாத்திரை போட்டீகளே, சாப்பிட்டீகளா அண்ணே?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீக?"

"நாலு இட்லி."

"பொய் இல்லையே?"

"இல்லை." அத்தோடு ஒன்றரைப் பக்கமும் மறந்துபோயிற்று. நின்றபடியே சொன்னேன்: "தங்கச்சி, எம் மகளுக்கு வேலைய விட மனசில்ல. எனக்கும் அவ விடக் கூடாதுன்னுதான் இருக்கு. அன்னிக்கு நான் சாப்பிட்டது தப்பாப் போச்சு. இன்னொண்ணு, நான் பெர்மனென்ட் இல்ல. அதுவும் பொய்."

அவர் கை நிற்கவில்லை. காம்பு ஒரு பக்கம், காய் ஒரு பக்கம்.

"பெர்மனென்ட் இல்லேன்னு தெரியும். விசாரிக்காமயா பொண்ணு கேட்டு வருவோம்?"

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"கல்யாணம் எம் மகனுக்கும் உங்க மகளுக்கும். உங்க சம்பளம் எங்களுக்கு எதுக்கு?"

பதினெட்டு வருஷம் நான் மூடி மூடி வைத்தது. அந்த அம்மாளுக்கு அது ஒரு மிளகாய்க் காம்பு அளவுகூட இல்லை. அவமானம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. செருப்பில் கிடந்த கல்லை உதறிய மாதிரி இருந்தது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அண்ணே, விழப் போன மனுசனுக்கு நாலு வாய் உருட்டிக் குடுத்தேன். அதச் சம்பந்தக் கணக்குல சேத்தா, நாஞ் சோறு போட்டேனா, பொறி வச்சேனா? அன்னிக்கே சொன்னேன், இது சேத்தி இல்லேன்னு. ஆம்பளைக சத்தத்துல யாரு காதுல விழுந்துச்சு?"

அப்போதுதான் உறைத்தது. அவர் ஒரு தடவைகூட என்னைச் சம்பந்தி என்று அழைத்ததில்லை. முதல் நாளிலிருந்தே அண்ணன்தான்.

முத்திருளப்பன் வந்தார். விஷயம் தெரிந்ததும் முகம் கறுத்தது.

"ஊரு பூராச் சொல்லியாச்சு. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நடக்கச் சொல்றீக?"

"ஊருக்கு நீங்கதான சொன்னீக?" என்றார் பஞ்சவர்ணம். "நானா சொன்னேன்?"

"அந்தாளு கை நனைச்சத நாங் கண்ணால பாத்தேன்டி."

"கண்ணு ஏமாத்தும்னு தெனம் சொல்றது யாரு?"

காம்பு கிள்ளிய பெண்களில் ஒருத்தி முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். தும்மலா சிரிப்பா, தெரியாது. முத்திருளப்பன் ஒரு மிளகாயை எடுத்தார். ஆட்டிப் பார்க்கவில்லை. திரும்பக் குவியலில் போட்டார்.

"சொன்ன சொல்லு நிக்கணும் சார். படிச்சவுக. இதுக்கு மேல என்ன சொல்ல."

சம்பந்தியிலிருந்து சாருக்கு இறங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நியாயமாக எனக்கு வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை. அந்தச் 'சார்' எனக்குச் சரியான அளவில் இருந்தது.

"தப்பு என்னோடது" என்றேன். "உங்க வீட்டுச் சோத்து மேல தப்பில்ல."

அவர் மண்டிப் பக்கம் நடந்தார். போகும்போது, தரையைப் பார்த்துக்கொண்டே: "வெயிலு ஏறிருச்சு. மோரு குடிச்சிட்டுப் போகச் சொல்லு."

குடித்தேன். இரண்டு டம்ளர். உப்புத் தூக்கல்.

பஸ்ஸில் ஜன்னலோரம். வழியெல்லாம் தூங்கினேன். பகலில் நான் தூங்கியதே இல்லை.

வீட்டுக்கு வந்து கடிதத்தைத் தேன்மொழியிடம் கொடுத்தேன். "பிழை இருக்கா?" என்றாள். "முழுசும் பிழை" என்றேன். ஒரு நிமிடம் புரியாமல் நின்றாள். சாரதாதான் அடுப்படியிலிருந்து, "போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டார்டி" என்றாள். தேன்மொழி என் சட்டைப் பையில் கைவிட்டுக் குளுக்கோஸ் பாக்கெட் பிரித்திருக்கிறதா என்று பார்த்தாள். பிரிக்கவில்லை. "ம்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். வெகுநேரம் கழுவினாள்.


ஜூன் 15, ஞாயிறு

மீன்பிடித் தடை முடிந்தது. ராமேஸ்வரம் துறைமுகத்தில் டீசல் வாசனை, ஐஸ் வண்டி, சத்தம். கரையில் கிடந்த படகெல்லாம் கடலில். பார்க்க நன்றாக இருந்தது.

மச்சானை நேரில் பார்த்துச் சொல்வதுதான் முறை என்று போனேன். அதற்குள் தெரிந்துவிட்டது. வரவேற்பு மேஜையில் வடக்கத்தி யாத்திரிகர்கள் நிற்க, அவர்கள் முன்னாலேயே ஆரம்பித்தார்.

"இருபத்தெட்டு வருசமா உன்னய ஒரு எடத்துல உக்கார வைக்கப் பாக்குறேன் மாப்ள. உக்கார மாட்டேங்குறியே. நாலு பேரு மதிக்கிற எடம். மண்டி. துபாய். ஆடு பெருசாப் போச்சா உங்களுக்கு? எவண்டா பொண்ணு குடுப்பான், எவண்டா எடுப்பான் இனிமே?"

இன்னும் நிறைய. எல்லாவற்றையும் எழுதப்போவதில்லை. 'எடைக்குப் போட்டா' மட்டும் இந்த முறை வரவில்லை. வந்தால் பதில் சொல்லத் தயாராகப் போயிருந்தேன். இருபத்தெட்டு வருஷமாகத் தயாரித்த பதில். பயன்படவில்லை.

நடுவில் மூச்சு வாங்க நிறுத்தி, "மாத்திரை போட்டியா?" என்றார்.

"போட்டேன்."

"சாப்பிட்டியா?"

"இல்ல, இனிமேதான்."

"அறிவு கெட்டவனே. போட்டுட்டுச் சாப்பிடாம அலையுற. ஏலே, இவருக்கு ரெண்டு இட்லி கொண்டா. நாலு கொண்டா." பிறகு விட்ட இடத்திலிருந்து திரும்பவும் திட்டினார். நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். என்னை எங்காவது உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்கு நிஜமாகவே ஓர் ஆசை இருந்திருக்கிறது. எந்த இடம் என்பதில்தான் தகராறு.

அந்தப் பந்தல் பேச்சை மன்னித்துவிட்டேனா? இல்லை. பாதி வைத்திருக்கிறேன்.

திரும்பும்போது பாம்பன் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. கீழே படகுகள் வரிசையாக. சுகமான காற்று.


ஜூன் 16, திங்கள்

கல்லூரி திறப்பு. பதிவேட்டில் என் பெயர் கடைசிக்கு முந்தியது. துறைத்தலைவர் வழக்கம்போல் தன் பக்கம் வைத்துக்கொண்டு விரலால் காட்டினார். நான் பதிவேட்டைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். நேராகக் கையெழுத்துப் போட்டேன். கோணிவிட்டது. அவர், "காப்பி சொல்லட்டுமா சார்?" என்றார். குடித்தேன். சர்க்கரை போடாமல்.

உத்தரவுக்கு லேமினேஷன். கடைக்காரப் பையன் படித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கா சார்?" என்றான். "எம் மகளுக்கு" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அல்வா அரைக் கிலோ. எனக்கு ஒரு விரல்.


ஜூன் 18, புதன்

மழை, பத்து நிமிடம். மாடியில் பாத்திரம் வைத்தோம். லாரிக்காரனுக்கு இன்று போன் செய்யவில்லை.

தேன்மொழி வரத் தாமதம். ஏழே காலுக்கு வந்தாள். மேலெல்லாம் மிளகாய் நெடி. சாரதாவுக்கு வாசலிலேயே தும்மல்.

"எங்கடி போயிட்டு வார?"

"முதுகுளத்தூர். அந்த மண்டிக்காரங்க வீட்ல ஆடு குட்டி போட முடியாமக் கெடந்துச்சு. அந்தம்மா போன் பண்ணாங்க. குட்டி குறுக்க. ரெண்டு மணி நேரம். ரெண்டும் நல்லாருக்கு."

சாரதாவும் நானும் பார்த்துக்கொண்டோம்.

"அவரு இருந்தாரா?" என்றேன்.

"இருந்தாரு. விளக்கப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. குட்டி வெளிய வந்ததும் காதுகிட்டக் கொண்டுபோயிக் கேட்டாரு, மூச்சு இருக்கான்னு. எங்கிட்ட 'டாக்டரம்மா'ன்னாரு. வேற ஒண்ணும் பேசல."

"சரி, கை கால் கழுவிட்டு வா. தோசை ஊத்துறேன்" என்றாள் சாரதா.

"வேண்டாம்மா. அங்கயே சாப்பிட்டேன்."

சாரதாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. "அடிப் பாவி. அந்த வீட்லயா கை நனைச்ச?"

"பசிச்சுச்சு. மூணு தோசை, கறிக்கொழம்பு" என்றாள். "அப்பா சொல்லவே இல்ல, அந்தம்மா கைக்கு இவ்வளவு ருசின்னு."